குதிரைகளுக்கான டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை திப்பு சுல்தான் காலத்திலேயே பேர் பெற்றது என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். கத்தியவாரும் மார்வாரியும் மட்டக்குதிரையும் ஒரே திடலில் நிற்கும் அழகைக் காண ஊரே திரளுகிறது. அப்படிப்பட்ட ஊரில், நொண்டும் குதிரையின் காலுக்குள் என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்க்க இன்றுவரை ஒரு கருவி இல்லை.

சென்ற ஆண்டு நொண்டிய ஒரு பெண் குதிரையை வேனில் ஏற்றி வெளியூர் கொண்டுபோய் பிலிம் எக்ஸ்ரே எடுத்தோம். குதிரை அசைந்ததால் படம் கலங்கிப்போனது இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரிந்தது. மறுநாளும் அதே காலோடு அதே பயணம். டிஜிட்டல் கருவியில் படம் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடுவதால், தவறினால் நின்ற இடத்திலேயே மறுபடி எடுக்கலாம். குளம்பு அழற்சியால் உள்ளெலும்பு சாய்ந்திருக்கிறதா என்று அளந்து, எவ்வளவு சீவ வேண்டும் என்று லாடக்காரருக்குக் காட்டலாம். ஐயமிருந்தால் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வல்லுநர்களுக்கு அப்போதே அனுப்பிக் கேட்கலாம். தூக்கிச் செல்லும் இக்கருவி வளர்ந்த குதிரையின் வயிற்றைத் தெளிவாகக் காட்டாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் நம் லாயங்களில் நாம் மிகுதியும் காண்பது கால் நோயே.

படத்தகடும் மென்பொருளும் ரூ. 8,60,000; எக்ஸ்ரே கருவி ரூ. 3,20,000, ஈய மேலங்கிகள், கையுறைகள், நீண்ட கைப்பிடியுள்ள தகடுதாங்கி ரூ. 1,10,000, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவுக்கான ஏற்பாடுகளும் பயிற்சியும் ரூ. 60,000. ஆக ரூ. 13,50,000. சேர்ந்திருப்பது ரூ. 9,15,000. குறைவது ரூ. 4,35,000. விற்பனையாளர் சொன்ன விலை ஆனிக் கடைசி வரைதான்.

தம் மூன்று மாதச் சவாரி வருமானத்தில் பாதியைக் கொடுத்த குதிரைவண்டிக்காரர்களுக்கும், கூலி வாங்காமல் ஒரு வாரம் லாடம் அடித்து அத்தொகையை நிதியில் சேர்த்த லாடக்காரர்களுக்கும், உண்டியலை அப்படியே கொண்டுவந்து வைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், குதிரையே வளர்க்காமல் குருநாதசாமியின் பெயரால் ஆயிரம் ஆயிரமாக அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

சென்ற ஆடியில் சபை நடுவே தொகை சொல்லிவிட்டு இன்னும் கட்டாதவர்கள் பதினொரு பேர். அவர்கள் பெயரைப் பலகையில் எழுத எங்களுக்கு மனமில்லை. சாமி முன் சொன்ன சொல் அவர்களுக்கே நினைவிருக்கும். தேருக்கு முன் குதிரையை நடத்திச் செல்ல வெள்ளிச் சேணம் வாங்குவோர், அதில் பத்தில் ஒரு பங்கையாவது அதன் காலுக்குக் கொடுப்பது கடமை.

நூறு ரூபாயானாலும் பொருளாளரிடம் நேரில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவுசெலவுக் கணக்கு ஆடி முதல் வெள்ளியன்று சபையில் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
குதிரை வளர்ப்போர் குழுவினர்