நீ அனுப்பிய ஏரியும் பரணில் கிடந்த பெட்டியும்

அன்புள்ள பாப்பா,

ஏரிப் படம் வந்தது. வழக்கம்போல "இது எங்கே, சொல்லும்மா பார்ப்போம்" என்று ஒரே வரி. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. வேலை வேலையென்று ஊர் ஊராகச் சுற்றுகிறாய். வாரத்துக்கு வாரம் நாடே மாறிவிடுகிறது. உன்னிடமிருந்து வரும் கடிதம் என்றால் இந்த மாதிரிப் படங்கள்தான் என்று நானும் பழகிவிட்டேன்.

நாலு நாளாக அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடவில்லை. சத்தியமாக. போட்டால் ஒரு நொடியில் பேர் வந்துவிடும், பிறகு எனக்கு என்ன வேலை? விடுகதை போட்டவளிடமே விடையைக் கேட்பது மாதிரிதான் அதுவும்.

இதே வாரத்தில் இன்னொன்றும் என் கையில் அகப்பட்டது. பரணை ஒழிக்கும்போது பழைய துணிகளுக்கு அடியில் உன் செருப்புப் பெட்டி. உள்ளே ஒரு மெஷின். அப்படித்தான் நீ சொல்வாய், எல்லாமே மெஷின். ஒரு நூல்கட்டை, அதில் சுற்றிய இரண்டு ரப்பர் பேண்டு (இப்போது தொட்டாலே பொடியாகிறது), உடைந்த அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்று, சைக்கிள் மணியின் மூடி, அதன் பக்கத்தில் ஆடுகிற மாதிரி நட்டுவைத்த ஐஸ் குச்சி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை. அது வழியாக வெளியே போகும் நூல், பாதியில் அறுந்திருக்கிறது. இது என்ன செய்யும், யாருக்காகச் செய்தாய், எனக்கு நினைவே இல்லை. நீ காட்டினாயா என்பதுகூட நினைவில்லை.

காட்டியிருக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. அதற்குக் காரணம் நான். உனக்கு ஆறு வயது இருக்கும்போது, காலண்டர் சுற்றி வந்த அட்டைக் குழாய்களையெல்லாம் செல்லோடேப்பால் சுவரில் ஒட்டி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை கொண்டுபோயிருந்தாய். நான் உள்ளே வந்தவுடனே, "அட, கோலிக்குண்டுக்குச் சறுக்குமரமா! சூப்பர்!" என்றேன். நீ என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாய். அப்புறம், "ம், ஆமா" என்றாய். அன்று சாயங்காலம் முழுக்க அதில் கோலி உருட்டினாய். பல வருஷம் கழித்து ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், அது ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ரகசியம் பேசுகிற குழாய் என்று. நான் பாராட்டிய வேகத்தில் உன் கருவியே வேறொன்றாகிப் போயிருந்தது. திட்டியிருந்தாலாவது நீ சண்டை போட்டிருப்பாய்.

அதற்குப் பிறகுதான், குழந்தைகள் எதையாவது செய்து நீட்டினால் "இது என்ன?" என்று கேட்பதை நிறுத்தினேன். "இதை எங்கே பிடிக்கணும்?" "முதலில் எது அசையும்?" இப்படித்தான் கேட்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றும் அப்படித்தான். கை தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் கடைசியில் வரட்டும்.

பெரிய மனிதர்களும் என்னைப் போல அவசரப்படுகிறவர்கள்தான். ரோமானியர் காலத்து வெண்கலப் பொருள் ஒன்று இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? பன்னிரண்டு முகம், உள்ளே வெற்றிடம், ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை, இருபது மூலையிலும் சின்னக் குமிழ். உள்ளங்கைக்குள் அடங்கும். 1739இல் இங்கிலாந்தில் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து ஐரோப்பாவின் வடமேற்குப் பக்கத்தில் நூற்றுக்கும் மேல் தோண்டி எடுத்துவிட்டார்கள். எதற்காகச் செய்தார்கள் என்று அந்தக் காலத்து ஏட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. துளைக்குள் மெழுகு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் மெழுகுவர்த்தித் தாங்கி என்றார்கள். பின்னல் தெரிந்தவர்கள் கையுறை விரல் பின்னுகிற கருவி என்று சொல்லி, அதில் பின்னியும் காட்டினார்கள். நிலம் அளப்பவர்களுக்கு அது தூரம் பார்க்கும் கருவி. அவரவர் கைத்தொழிலை அவரவர் அதில் கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் சரியாக ஊகித்தவர்களும் உண்டு, அவர்கள் செய்தது வேறு. கிரேக்கத்தில் ஆன்டிகிதெரா தீவுப் பக்கம் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுத்த பச்சைபிடித்த வெண்கலக் கட்டியை எடுத்துக்கொள். உள்ளே பல்சக்கரம் தெரிகிறது என்று அடுத்த வருஷமே ஒருவர் கவனித்துவிட்டார். ஆனால் இரண்டாயிரம் வருஷப் பழைய கப்பலில் கடிகாரம் மாதிரி ஒரு யந்திரமா என்று பலருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிற்பாடு எக்ஸ்ரே எடுத்து, பொறுமையாகப் பல்லை எண்ணினார்கள். முப்பது சக்கரம் மிஞ்சியிருக்கிறது. அதில் பெரிய சக்கரம் ஒன்றுக்கு 223 பல். அந்த எண்ணைப் பார்த்தவுடன் வானம் தெரிந்தவர்களுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது: 223 சாந்திர மாதத்துக்கு (அமாவாசையிலிருந்து அமாவாசைவரை ஒரு மாதம்) ஒருமுறை கிரகணங்களின் வரிசை திரும்ப வரும். கிரகணம் எப்போது வரும் என்று சொல்கிற பெட்டி அது! அது என்னவென்று யாரும் அதைக் கேட்கவில்லை. எத்தனை பல் என்று கேட்டார்கள்.

நானும் உன் சக்கரத்தின் பல்லை எண்ணினேன். 48, ஒன்று உடைந்திருக்கிறது. ஒரு மண்ணும் தெரியவில்லை.

சரி, மற்றதைப் பார்ப்போம் என்று பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். துளையின் விளிம்பில் மெழுகு தேய்த்திருக்கிறாய், நூல் வழுக்கிக்கொண்டு ஓட. அப்படியும் விளிம்பின் கீழ்ப்பக்கம் மட்டும் அட்டை அறுபட்டுப் பள்ளமாக இருக்கிறது. அப்படியானால் நூலைக் கீழ்நோக்கி இழுத்திருக்கிறார்கள், ஒருமுறை இருமுறை இல்லை, பலமுறை. செய்துவிட்டு மறந்த பொம்மை அல்ல, தினமும் ஓடிய மெஷின். பெட்டியின் பின்னால் இரண்டு ஆணித் துளை. உயரத்தில் எங்கோ மாட்டியிருந்தாய். மூடியின் உள்பக்கம் பென்சிலில் "சத்தம் கம்மி பண்ணணும்" என்று உன் எழுத்து.

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றியது. நான் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வீடு திரும்பும்போது நீ தூங்கியிருப்பாய். நூலின் மறுமுனை கதவில். கதவு திறந்தால் நூல் இழுபடும், குச்சி மணியில் தட்டும். அம்மா வந்தாச்சு என்று உனக்கு மட்டும் தெரியணும், வீட்டில் வேறு யாரும் எழக்கூடாது, அதனால்தான் சத்தம் கம்மி. இதை நினைத்துவிட்டு அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இந்த ஊகம் எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது, பாப்பா. அங்கேதான் இடிக்கிறது. பிடித்ததைக் கண்ணும் சேர்ந்துகொண்டு பார்க்கும். செவ்வாய் கிரகத்தில் கோடுகள் தெரிகின்றன என்று 1877இல் இத்தாலியில் ஒருவர் சொல்ல, பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்க வானியலாளர் அவற்றை யாரோ வெட்டிய கால்வாய்கள் என்று நம்பி, வருஷக்கணக்காகத் தொலைநோக்கி முன் உட்கார்ந்து வரைபடமே போட்டார். 1965இல் மாரினர் 4 விண்கலம் கிட்டே போய்ப் படம் எடுத்தபோது கால்வாயைக் காணோம், பள்ளங்கள்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு நிஜமாகவே தெரிந்தது.

அதனால் என் கதையை நானே உடைத்துப் பார்த்தேன். முதல் ஓட்டை: நீ இடி விழுந்தாலும் எழாத பிள்ளை. சத்தம் குறைத்த சைக்கிள் மணியா உன்னை எழுப்பும்? இரண்டாவது: கதவை நோக்கி நூல் போனால் இழுப்பு பக்கவாட்டில் இருக்கும். பள்ளம் கீழ்ப்பக்கம் விழுந்திருக்கிறது. அறுந்த நூலும் எவ்வளவு நீளம் இருந்தது என்று சொல்ல மறுக்கிறது. மூன்றாவதுதான் ரொம்ப உறுத்துகிறது: அலாரம் கடிகாரத்துச் சக்கரம். கதவு மணிக்கு அது எதற்கு? ஒருவேளை இது உன்னையே எழுப்புவதற்கு நீ செய்த மெஷினோ? ஏதோ ஒரு எடை மெதுவாகக் கீழே இறங்கி, இழுத்து, விடியும் நேரத்தில் தட்டுகிற மாதிரி? அப்படியானால் என் மகள் சின்ன வயதிலேயே விடியலில் எழ ஆசைப்பட்டிருக்கிறாள், நான்தான் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இதை இங்கேயே நிறுத்திவிட்டு ஏரிக்கு வருகிறேன், காரணம் இருக்கிறது.

நம் வீட்டு முதல் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி திறந்தவுடன் வருமே, பச்சைக் குன்று, நீல வானம்? இது எங்கே என்று நீ கேட்டாய். நான், கணினியில் வரைந்ததுடி, இப்படியொரு பச்சை எங்கும் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். நீ ஒரு வாரம் நம்பவில்லை. நீதான் சரி. கலிபோர்னியாவில் சோனோமா பக்கம் சார்லஸ் ஓரியர் என்பவர் 1996 ஜனவரியில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்த நிஜப் படம். அங்கே இருந்த திராட்சைக் கொடிகளைப் பூச்சி விழுந்து பிடுங்கிப் போட்டிருந்தார்கள், அதனால்தான் வெறும் புல். பிறகு மறுபடி கொடி நட்டுவிட்டார்கள். இன்று அந்த இடத்திலேயே போய் நின்றாலும் அடையாளம் தெரியாது.

அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் (டெத் வேலி) தானாக நகரும் கற்களுக்காகவும் நாம் எவ்வளவு சண்டை போட்டோம்! காய்ந்த ஏரித் தரையில் நீளமாகத் தடம், தடத்தின் முனையில் கல், தள்ளியவர் யாரும் இல்லை. நான் சூறாவளி என்றேன். நீ, யாரும் பார்க்காதபோது அது நடக்கும் என்றாய். 2014இல் கல்லூரி விடுதியிலிருந்து போனில் கத்தினாய், "அம்மா, பனிக்கட்டி!" என்று. இரவில் தேங்கிய தண்ணீர் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு உறைந்து, வெயில் ஏறியதும் பெரிய தகடுகளாக உடைந்து, லேசான காற்றில் மிதந்தபடி கல்லைத் தள்ளுகிறது. 2013 டிசம்பரில் அது நடக்கும்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். சூறாவளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நீ சொன்னதும் பாதி சரிதான், யாரும் பார்க்காமல்தான் அத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது உன் ஏரி. தண்ணீர் பால் கலந்த நீலம். அந்த நிறம் பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து கலப்பதால் வருவது. பின்னால் தெரியும் பள்ளத்தாக்கும் அதையே சொல்கிறது: ஆறு அறுத்திருந்தால் அடி கூராக இருக்கும், இது 'ப' எழுத்து மாதிரி அகலமாக உட்கார்ந்திருக்கிறது. ஆக, மேலே எங்கோ பனியாறு இருக்கிறது. கரையோரச் சாலையில் முகவிளக்கோடு ஒரு கார் எதிரே வருகிறது, நம் வலப்பக்கமாக. அப்படியானால் இடதுபுறம் ஓட்டுகிற நாடு. சிலி, அர்ஜென்டினா, கனடா, நார்வே எல்லாம் ஒரே அடியில் போயிற்று.

மிச்சம் பிறை. மலைக்கு மேலே, அடிவானத்து வெளிச்சத்தில், மெல்லிய பிறை. அதன் ஒளிவிளிம்பு கீழே இடப்பக்கம் பார்க்கிறது. மேஜையில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி யோசித்தேன். இது சாயங்காலமாக இருந்தால் வளர்பிறை, பூமியின் தென்பாதி. காலையாக இருந்தால் தேய்பிறை, வடபாதி. சாயங்காலம் என்றால் நியூசிலாந்தின் தெற்குத் தீவு, டெக்காப்போ ஏரியோ புக்காக்கி ஏரியோ. காலை என்றால் இமயமலைப் பக்கம், இல்லாவிட்டால் காரகோரம்.

முதல் நாளே நியூசிலாந்து என்று முடிவுகட்டிவிட்டேன். என் காரணம் வானத்தில் இல்லை. என் மகள் விடியலில் எழமாட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட நாட்களில் உன் காலைப் பிடித்து இழுத்தவள் நான். ஆனால் அந்த மகளை நான் கடைசியாகக் காலையில் எழுப்பிப் பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது இந்தப் பெட்டி வேறு வந்து என்னைக் குழப்புகிறது.

இடத்தின் பெயரைச் சொல்லிவிடாதே. பெட்டி எதற்கு என்றும் வேண்டாம், நீயே மறந்திருக்கவும் கூடும். இப்போதெல்லாம் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய், அதை மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா