தீவுக்கு நானும் போயிருக்கிறேன்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். கான்ஃபெடரேஷன் பாலத்தைக் கடந்து உங்கள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த கதையை இரண்டு முறை படித்தேன். செம்மண்ணும் உருளைக்கிழங்கு வயல்களும் இருக்கட்டும். அந்தத் தீவுக்கு உனக்கு முன்பே நான் போய்விட்டேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ காரில் கடந்த 12.9 கிலோமீட்டர் பாலம் என் திரையில் சில நிமிட நடைதான். சார்லட்டவுன், மாண்டேகு, ஸ்ட்ராட்ஃபோர்ட், ஆல்பர்ட்டன் என்று நீ எழுதிய ஊர்ப் பெயர்களெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கெல்லாம் நான் பலமுறை செத்திருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்த தங்கை மகன் என் கணினியில் இறக்கி வைத்துவிட்டுப் போன 'அன்டர்ன்ட்' (Unturned) என்ற கணினி கேமைத்தான் சொல்கிறேன். அதன் மேப்களில், அதாவது ஆடும் களங்களில், ஒன்று இந்தத் தீவுதான். ஜாம்பிகளாக மாறாமல் எஞ்சியவர்களின் கதை என்பதால் அந்தப் பெயர். ஆட்களுக்குச் சதுரத் தலை, புள்ளிக் கண்கள். பார்த்தால் பிள்ளைகளின் பிளாஸ்டிக் பொம்மை போலிருக்கும். இதிலென்ன பயம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் நாள் இரவு ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு வீட்டுக்குள் குனிந்தபடியே நுழைந்து, அடுப்படியில் ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்த கையோடு, எதிரே நின்ற ஒரே ஒரு ஜாம்பியைப் பார்த்துப் பதறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. ஓடினால் ஓசை எட்டும் தூரம் அதிகம், குனிந்து நடந்தால் குறைவு, தவழ்ந்தால் அதைவிடக் குறைவு என்ற கணக்கு செத்த பிறகுதான் புரிந்தது. பசி, தாகம், நோய்த்தடுப்பு எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அளவுக் கோடு உண்டு. தரம் கெட்ட உணவைத் தின்றால் பசி அடங்கும், தடுப்பு இறங்கும். பௌர்ணமி இரவில் ஜாம்பிகளுக்கு வலு கூடிவிடும் என்பதால், இப்போதெல்லாம் நிலவு முழுதாகத் தெரிந்தால் நான் வெளியே தலைகாட்டுவதில்லை. மரம் வெட்டிப் பலகையறுத்து ஒரு குடிசை கட்டி, பின்பக்கம் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். நீ பார்த்த வயல்களோடு ஒப்பிட்டுச் சிரிக்காதே, மொத்தம் ஆறு செடிதான்.

இதைச் செய்தவர் நெல்சன் செக்ஸ்டன், உங்கள் நாட்டின் மறுகோடியில் இருக்கும் கால்கரிக்காரர். 2014 ஜூலை 7 அன்று கணினி கேம்கள் கிடைக்கும் ஸ்டீம் தளத்தில் இது வெளியானபோது அவருக்கு வயது 16. நிரலும் வடிவமும் பெரும்பாலும் அவர் ஒருவருடைய வேலை. உன் மகனுக்கு 15 வயது என்பதும், படிப்பை ஓரங்கட்டிவிட்டு கேம் செய்யப் போகிறேன் என்று அவன் சொல்வதாக நீ கவலைப்பட்டிருப்பதும் நினைவில் இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பதினாறு வயதில் சாதித்தார் என்று அவனிடம் சொல்லிவிடாதே. அது அவனை ஏற்றிவிடும், அல்லது நோகடிக்கும். அதற்கு முன்பே, யாரும் கேம் செய்து பகிரக்கூடிய ராப்ளாக்ஸ் தளத்தில் 'டெட்சோன்' என்ற ஜாம்பி ஆட்டத்தைச் செய்து வெளியிட்டு, முகம் தெரியாத பிள்ளைகளை ஆடவைத்து, அவர்களின் குறைகளைக் கேட்டுப் பழகியவர் அவர். ஸ்டீமுக்கு வந்தது அவருடைய முதல் ஆட்டம் அல்ல.

என்னைக் கட்டிப்போட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். லட்சக்கணக்கானோர் ஆடத் தொடங்கிவிட்ட ஒன்றை, அடித்தளம் சரியில்லை என்று முதலிலிருந்து திரும்ப எழுதினார். இப்போது நாம் ஆடுவது அப்படி எழுதிய மூன்றாம் பதிப்பின் வழி வந்தது. இருபது வருடமாக ஒரே பில்லிங் நிரலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அந்தத் துணிச்சல் ஒருநாளும் வந்ததில்லை என்பது உனக்கே தெரியும். முழுதாக முடியும் முன்பே ஆடக் கொடுப்பதைச் சொல்லும் 'ஏர்லி ஆக்சஸ்' என்ற பலகையை அவர் கழற்றியது 2017 ஜூலை 7 அன்று, சரியாக மூன்று வருடம் கழித்து. அன்ரியல் எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் தொடங்கிய இரண்டாம் பாகம் கரையேறவில்லை. அதை வைத்துவிட்டுப் பழையதற்கே அப்டேட் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தோல்வியாகப் படவில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன், நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய். ஆட்டம் இலவசம். சுமார் ஐந்து டாலர் ஒருமுறை கட்டினால் கிடைக்கும் 'கோல்ட்' என்ற கூடுதல் சலுகை உண்டு. கட்டாதவனும் அதே தீவில்தான் அலைகிறான், அதே பீன்ஸைத்தான் தின்கிறான். ஆட்டக்காரர்கள் உருவாக்கும் மேப்களில் தேர்ந்தெடுத்தவற்றைச் சேர்த்து, அவர்களுக்கும் வருமானத்தில் பங்கு கொடுத்தது எனக்குப் பிடித்தது. பிடிக்காதது, உடையும் தொப்பியும் வரும் மர்மப் பெட்டிகளைத் திறக்கக் காசுக்குச் சாவி விற்பது. அலங்காரத்துக்குத்தான் என்றாலும், உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் பொருள் லாட்டரிச் சீட்டுதான். பிள்ளையிடம் அட்டை எண்ணைக் கொடுக்காதே. 2020-ல், டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளுக்கு வந்த பதிப்பு விலைக்குத்தான், அதை வாங்கவும் வேண்டாம்.

மகனிடம் நீ கேட்க வேண்டியது, இதுவரை செய்ததைக் காட்டு என்பது ஒன்றுதான். ஒரு கதவு திறந்து மூடும் அளவுக்காவது ஏதாவது இருந்தால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஆடிப் பார். எங்கே சிக்குகிறது என்று சொல். ஒன்றும் இல்லையென்றால் அவன் இன்னும் ஆடத்தான் விரும்புகிறான், அதற்குப் பள்ளியை விட வேண்டிய அவசியமில்லை. அவன் சம்மதித்தால் எனக்கும் அனுப்பச் சொல். பிழை கண்டுபிடிப்பதில் நான் இன்னும் பழைய ஆள்தான்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். சம்மர்சைட் வழியாகப் போனதாக எழுதியிருந்தாயே, ஒரு காலத்தில் விமானப்படைத் தளம் இருந்த ஊர் அது. என் தீவில் அங்கே ராணுவ முகாம் இருக்கிறது, நல்ல துப்பாக்கிகளும் கிடைக்கும். அங்கே எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. இரண்டு முறை போய் இரண்டு முறையும் வாசலிலேயே விழுந்துவிட்டேன், உள்ளே எப்படி இருக்கும் என்று இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்