ஏ9 வீதியில் குடும்பத்தோடு நின்று போக ஓர் இடம் வேண்டும்

பெறுநர்:
மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்கள்,
வடக்கு மாகாணம்,
ஆளுநர் செயலகம், யாழ்ப்பாணம்.

பிரதிகள்: வீதி அபிவிருத்தி அதிகார சபை, தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, ஏ9 வீதியோரப் பிரதேச சபைகள்.

விடயம்: யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் இரவிலும் பாவிக்கக்கூடிய தரிப்பிடங்கள் கோரல்.

ஐயா,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இது மலசலகூடம் பற்றிய மனு. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோரும் கூச்சப்பட்டே இவ்வளவு காலமும் போய்விட்டது.

நான் கொக்குவிலில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். போன சித்திரை விடுமுறையில் கனடாவில் இருந்து வந்த அக்காவையும் அவவின் மகளையும் கூட்டி வரக் கட்டுநாயக்கவுக்குப் போனோம். வாடகை வான். சாரதி, என் கணவர், நான், பிள்ளைகள் இருவர், அம்மா. அம்மாவுக்கு 71 வயது, சீனி வருத்தமும் முழங்கால் வருத்தமும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியும் மூத்த மகளை விமான நிலையத்திலேயே பார்க்க வேண்டும் என்று ஏறிவிட்டா.

போகும்போது பகல், சமாளித்துவிட்டோம். திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. இரவு எட்டு மணிக்குக் கட்டுநாயக்கவில் வெளிக்கிட்டு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம் என்று வந்து வவுனியாவைத் தாண்டும்போது ஒரு மணி பிந்திவிட்டது. பிள்ளைகள் நல்ல நித்திரை, அவர்களை எழுப்ப மனமில்லாமல் வவுனியாவில் நிற்காமல் வந்தது எங்கள் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சத் தூரம் வந்ததும் அம்மா மெதுவாக, "எங்கையாவது நிப்பாட்டுவினமோ?" என்று கேட்டா. அம்மா அப்படிக் கேட்டால் ஏற்கனவே அரை மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்திருப்பா என்று அர்த்தம்.

வீதியோரம் ஒரு கடைத்தொகுதி. பக்கத்தில் பொது மலசலகூடம் இருக்கிறது, வடிவாகக் கட்டி வெள்ளையும் அடித்திருக்கிறார்கள், ஆண்கள் பெண்கள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. கதவில் பூட்டு. சாவி கடைக்காரரிடமாம், கடைக்காரர் பத்து மணிக்கே கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். இதைச் சொன்னது அங்கே படுத்திருந்த ஒரு லொறிச் சாரதி. இடத்தின் பெயரை நான் எழுதவில்லை, ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை, வேறு இடங்களிலும் இதே கதைதான்.

அப்புறம் என்ன செய்வது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் வானை ஓரம் கட்டினோம். அம்மா ஒரு கையால் வான் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என் தோளில் வைத்துப் பாதி குந்தினா. முழுதாகக் குந்த முழங்கால் விடாது. நான் அக்காவின் குளிர்ச் சால்வையை விரித்துப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தது. சால்வை மெல்லியது, ஐயா. வானில் ஏறிய பிறகு ஆனையிறவு வரைக்கும் அம்மா வாயே திறக்கவில்லை. உப்புக் காற்று அடிக்கும்போது சொன்னா: "இனி நான் வரேல்லைப் பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ."

அக்கா திரும்பிப் போகும்போது அம்மா படலையோடு நின்றுவிட்டா.

ஏ9 வீதி கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். நாங்கள் கொழும்புக்குப் போக அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறோம், ஆனால் மொத்தப் பயணம் 400 கிலோமீற்றர் அளவில் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா ஏறக்குறைய 140. அதற்குள் சாவகச்சேரியும் கிளிநொச்சியும் பெரிய இடங்கள், பகலில் கடைகள் உண்டு. கிளிநொச்சியில் இருந்து வவுனியா வரை 70 கிலோமீற்றருக்கு மேல், முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஊர்கள் வந்தாலும் இரவில் ஒரு குடும்பம் துணிந்து இறங்கக்கூடிய இடம் என்று எதைச் சொல்வது? காட்டோரம் இறங்கலாம் என்றால் கட்டாக்காலி மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், அதை விலத்தி வருகிற வாகனங்களின் வேகம் வேறு. ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த வீதியில் தார் விட்டு இறங்கவே இன்னும் கால் கூசும். 2002இல் பாதை திறந்தபோது இரண்டு பக்கமும் மண்டையோட்டுப் படம் போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். அந்தக் காலத்தில் முகமாலையிலும் ஓமந்தையிலும் நிற்காமல் யாரும் போக முடியாது, மூட்டை முடிச்சோடு இறங்கி வரிசையில் நின்றோம். 2006இல் பாதை பூட்டியது, போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது, இப்போது காப்பெற் வீதியில் மறிக்க ஆள் இல்லை. நிற்க வேண்டியவர்கள் நிற்கத்தான் இடம் இல்லை.

பஸ்ஸில் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். இரவு பஸ் எங்கே நிற்பது என்பதைச் சாரதியும் நடத்துநரும்தான் தீர்மானிக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு தருகிற கடையில் நிற்கும். கொத்து ரொட்டி சுடச்சுட இருக்கும், பின்னால் இருக்கிற மலசலகூடத்தில் தண்ணீர் இருக்குமா, உள்பக்கக் கொண்டி இருக்குமா என்பது அதிர்ஷ்டம். ஆண்கள் இருட்டுக்குள் போய்விட்டு வந்துவிடுவார்கள். பெண்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மத்தியானத்தில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பெண்கள் கொழும்புப் பயணம் என்றால் இதைத்தான் செய்கிறார்கள், பிறகு சிறுநீர்த் தொற்று என்று மருந்து எடுக்கிறார்கள்.

இந்த நாட்டுக்கு இதைச் செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெற்கு அதிவேகப் பாதை 2011இல் திறந்தது, அதில் வெலிபென்னவில் ஒரு தரிப்பிடம் இருக்கிறது, சாப்பாடு, மலசலகூடம், வாகனம் நிறுத்தப் போதிய இடம், வீதியை விட்டு உள்ளே. நான் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஏ9 அதிவேகப் பாதை இல்லை, நடுவில் ஊர்கள் இருக்கின்றன, ஊர்க் கடைகள் பிழைக்க வேண்டும். கண்ணாடி மாளிகை கட்டி வெளிக் கம்பனிக்குக் கொடுத்தால் முறிகண்டியில் கச்சான் விற்கிற அம்மா எங்கே போவா?

முறிகண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்து, கச்சான் ஒரு சரை வாங்காமல் எந்த வாகனமும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. தரிப்பிடம் எங்கே வைப்பது என்று ஆய்வு செய்யத் தேவையில்லை, சனம் தலைமுறையாக அங்கே நின்று காட்டியிருக்கிறது. அங்கேயும், ஆனையிறவிலும், மாங்குளம் அல்லது புளியங்குளத்திலும் என்று மூன்று இடங்களில் ஒழுங்காக இருந்தாலே யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றருக்கு ஒன்று கிடைத்துவிடும். ஆனையிறவில் மர நிழல் வேண்டும், சோளகம் வீசும் மாதங்களில் அந்த வெட்டையில் பிள்ளைகளை இறக்கி நிற்க முடியாது.

அந்த இடங்களில் எங்களுக்கு என்ன வேண்டும் என்றால், பெண்கள் பக்கத்தில் உள்ளே பூட்டக்கூடிய கதவு, எரிகிற மின்குமிழ், பைப்பில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி. ஒன்றாவது கொமோட், பக்கத்தில் பிடித்து எழும்பக் கம்பி, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் வாசல். கம்பி பெரிய செலவு இல்லை, ஆனால் அம்மா அன்றைக்கு என் தோளைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சின்ன அறை, மின்விசிறியும் இருக்க ஒரு வாங்கும் இருந்தால் போதும், பால் கொடுக்கவும் பம்பர்ஸ் மாற்றவும். இப்போது வான் சீற்றில் பிள்ளையைக் கிடத்தித்தான் மாற்றுகிறோம், அதுவும் ஒரு கலைதான். வீதிக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் வேலி கட்டாயம் வேண்டும், நாலு மணித்தியாலம் கட்டிப்போட்ட மாதிரி இருந்த பிள்ளை இறங்கியவுடன் எந்தப் பக்கம் ஓடும் என்று தாய்க்கே தெரியாது. சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்கள் திருநெல்வேலியிலும் வவுனியாவிலும் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். தோசை, உழுந்து வடை, குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, எல்லாம் கண் முன்னால் சுட்டுத் தருகிறார்கள், சின்னப் பிள்ளைக்கு உறைப்பில்லாமல் ஒன்று தாருங்கள் என்றால் தருகிறார்கள். இந்தத் தரிப்பிடங்களில் அம்மாச்சியை வைத்து, மலசலகூடத்தின் பராமரிப்பையும் அதே பெண்கள் குழுவிடம் சம்பளத்தோடு கொடுங்கள். சம்பளத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன், தோசை சுடுகிறவரே சும்மா கழுவிவிடட்டும் என்று விட்டால் மூன்று மாதத்தில் மறுபடி பூட்டுத்தான். இரவு வேலைக்கு இருவரும், ஒரு காவலாளியும். ஒரு ஆளுக்கு 50 ரூபா வாங்கினாலும் கொடுப்போம், துப்புரவாக இருந்தால் 100 ரூபாவும் கொடுப்போம். இடத்தில் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தாலே மற்றப் பெண்களுக்கு இறங்கத் துணிவு வரும்.

அறிவிப்புப் பலகையை மறக்க வேண்டாம். "அடுத்த மலசலகூடம் 25 கி.மீ., இரவிலும் திறந்திருக்கும்" என்று மூன்று மொழியிலும் வீதியோரம் இருந்தால், இப்போது போவதா, அடுத்ததில் பார்ப்பதா என்று சனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். அன்றைக்கு வவுனியாவில் அப்படி ஒரு பலகை இருந்திருந்தால் நான் பிள்ளைகளை எழுப்பியிருப்பேன். கூகுள் மப்பில் தேடிப் பார்த்தேன், அது பூட்டின கதவையும் திறந்த கதவையும் பிரித்துச் சொல்வதில்லை.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், கேட்ட இடமெல்லாம் மற்ற இடத்தைக் கை காட்டுகிறார்கள். வீதி தேசிய வீதி, அது வீதி அபிவிருத்தி அதிகார சபை. மலசலகூடம் பிரதேச சபை. அம்மாச்சி மாகாண விவசாயத் திணைக்களம். கொழும்பு பஸ்ஸின் அனுமதிப்பத்திரம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. ஒரு வாளி தண்ணீருக்கு நாலு கந்தோர். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் உறுப்பினர்களும் இருக்கிறார்கள், ஆகவே ஆள் இல்லை என்று சொல்ல இடமில்லை. இந்த நாலு தரப்பையும் ஒரே மேசையில் இருத்திக் கதைக்க வைக்கக்கூடியவர் நீங்கள் என்று நம்புகிறோம். பஸ்கள் பெண்களுக்கு ஒழுங்கான மலசலகூடம் உள்ள இடத்தில் மட்டும்தான் நிற்கலாம் என்று அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை போடும்படி ஆணைக்குழுவிடம் நீங்கள் கேட்டால், கடைக்காரர்கள் தாங்களாகவே உள்பக்கக் கொண்டி பொருத்துவார்கள்.

சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் பக்கம் போகிற ஏ32 வீதியைப் பற்றியும் எழுத வேண்டும், மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிற பாதை அது, ஏ9ஐ விட வெறிச்சோடியது. அதை இன்னொரு மனுவில் எழுதுகிறேன், எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது என்று கணவர் சொல்கிறார்.

புதுக் கட்டிடத்துக்கு நிதி, கேள்விப்பத்திரம் என்று காலம் எடுக்கும், அது விளங்குகிறது. ஆனால் ஏற்கனவே கட்டி வெள்ளை அடித்து வைத்திருக்கிறவற்றின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க நிதி தேவையில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் அதையாவது செய்து தாருங்கள், அந்த 25 நாளும் கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வருகிற குழந்தைகளும் கிழவிகளும் இந்த வீதியால்தான் வருவார்கள். கதவில் பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம் ஒன்றை எழுதிவிடச் சொல்லுங்கள், பூட்டியிருந்தால் நாங்களே எடுத்து எழுப்புகிறோம்.

இதற்கு உடன்படுகிற மற்றவர்களின் கையொப்பங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் கையொப்பம் அம்மாவினுடையது.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.