கடைமடைச் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் பிறகு டீக்கடையில் விசாரித்துக்கொள்ளப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாய்க்காலில் முள் வெட்டும் பணி இரண்டு முறை நடந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராதது பற்றி நீர்வளத் துறைக்கு மூன்று மனுக்கள் கொடுத்தோம். பொங்கலுக்குச் சங்கக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்தோம்.

இனி பேட்டரி விவகாரம். துணைமின் நிலையத்தை ஒட்டிய 12 ஏக்கர் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, குத்தகைக்கு எடுத்து, மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையம் அமைக்க ஒரு தனியார் நிறுவனம் வந்திருக்கிறது. பகலில் சூரிய மின்சாரமும் ஆடிக் காற்றில் காற்றாலை மின்சாரமும் மிஞ்சுகின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் பற்றவில்லை. மிஞ்சியதைப் பிடித்துவைத்து அப்போது விடுவதுதான் வேலை. காடம்பாறை நீர்மின் நிலையத்தில் தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே விட்டு 1980களின் இறுதியிலிருந்து செய்வதை, இங்கே கண்டெய்னருக்குள் செய்யப்போகிறார்கள். நான் இதற்கு எதிரி அல்ல. டீக்கடையில் பேசப்படுவது போல விலைபோனவனும் அல்ல.

இத்தகைய நிலையம் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் இல்லாததால், பொது விசாரணை கட்டாயம் இல்லை. ஊராட்சித் தலைவர் நாற்காலியும் காலி, தனி அலுவலர்தான். ஆகஸ்ட் 15 கிராம சபையில் நான் எழுந்து கேட்ட பிறகுதான் நிறுவனம் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கே ஒப்புக்கொண்டது. அந்தக் கூட்டத்துக்கு 84 உறுப்பினர்களில் வந்தவர்கள் 9 பேர். ஆவணி முகூர்த்தம் என்றார்கள். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. நானும் அதே கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுத்தான் பதினொரு மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன்.

23 கேள்விகளை எழுதி, என் செலவில் நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் மெகாவாட் கணக்கை மட்டும் சொன்னார்கள். அது மோட்டாரின் குதிரைத்திறன் போல. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது மெகாவாட்-மணியில்தான் தெரியும். கேட்ட பிறகுதான் அந்தக் கணக்கு வந்தது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் இப்படியொரு நிலையம் தீப்பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்ததைச் சொன்னேன். அது கட்டடத்துக்குள் அடுக்கிய நிக்கல் வகை பேட்டரி. இங்கே வருவது திறந்தவெளிக் கண்டெய்னரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அவ்வளவு எளிதில் பற்றாது என்றார் பொறியாளர். நியாயமான பதில். ஆனால் பற்றினால் பக்கத்துக் கண்டெய்னர்களைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். பயிருக்கே தண்ணீர் எட்டாத கடைமடையில் அது எங்கிருந்து வரும், அடித்த தண்ணீர் யார் கிணற்றில் இறங்கும் என்று கேட்டேன். தொட்டி கட்டுவோம் என்றார். எத்தனை லிட்டர் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நான் எழுதாமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, கிளுவை வேலியைக் காட்டும் படம் திரையில் வந்ததும் எழுந்து, “அந்தப் படலைத் திறந்துதான் தினமும் ஆடு ஓட்டுகிறேன். இனி எங்கே ஓட்டுவது சாமி?” என்றார். காடு வேறொருவர் பெயரில் இருக்கிறது. கொழுக்கட்டைப்புல்லை மேயும் ஆடுகளுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. மண்டபத்தில் யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அதை 24ஆம் கேள்வியாகச் சேர்த்து அனுப்பினேன். இதுவரை 14 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்திருக்கிறது. அதில் இது இல்லை.

வரவு செலவு பொருளாளரால் சரிபார்க்கப்பட்டது. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் வேண்டுவோர் நோட்டைப் பார்க்கலாம். 37 பேர் ஆண்டுச் சந்தா 200 ரூபாயைச் செலுத்தவில்லை. பெயர்களை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை, பலகையில் ஒட்டியிருக்கிறேன்.

ஒத்துழைத்த நிர்வாகிகளுக்கும், மைக் செட் தந்தவருக்கும் நன்றி.

வைகாசியில் இரண்டாம் கூட்டம் என்கிறார்கள். என் முழங்கால் முன்போல் இல்லை. இளையவர் யாராவது பொறுப்பேற்றால் கோப்புகளை இன்றே ஒப்படைத்துவிடுவேன். யாரும் முன்வராவிட்டால் நானே போவேன், ஆனால் ஒன்பது பேரோடு போக மாட்டேன். ரசீதுப் புத்தகம் வாசலருகே பொருளாளரிடம் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி அதைத் தாண்டித்தான்.