ஆறாப்புண் பிரிவு சிஸ்டருக்கும், கூட இருந்த எல்லோருக்கும்

அம்மாவின் கணுக்காலுக்கு மேலிருந்த புண் முழுவதும் மூடிவிட்டது. இனிக் கட்டு வேண்டாம் என்று டாக்டர் நேற்றுச் சொன்னார். நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியைச் சொல்லாமல் இன்றும் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

சிஸ்டர், முதலில் உங்களுக்கு. அங்கே வருவதற்கு முன்பெல்லாம் கட்டு மாற்றுவது என்றாலே அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். காய்ந்து ஒட்டிப்போன துணியை உரிக்கும்போது புதிதாக வளர்ந்த தசையும் சேர்ந்து வந்துவிடும். நீங்கள் சலைன் ஊற்றி நனைத்துவிட்டு, துணி தானாக விடும்வரை காத்திருந்தீர்கள். அதுவும் அம்மாவின் முகம் தெரிகிற பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு. "வலிச்சா கையைத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திடறேன்" என்று அவரிடமே சொன்னீர்கள். அதுவரை எல்லோரும் "அவங்களுக்கு வலிக்குதா?" என்று என்னைத்தான் கேட்டுவந்தார்கள்.

அம்மா கையைத் தூக்கினார், நிறுத்தினீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தூக்கினார். மறுபடியும் நிறுத்தினீர்கள், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. வீடு திரும்பும்போது அம்மா சொன்னார்: "ரெண்டாவது தடவை வலிக்கவே இல்ல. சொன்ன மாதிரி நிறுத்துறாங்களான்னு பார்த்தேன்."

அதற்குப் பிறகு வரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. காலில் ரத்தம் தேங்குவதால் ஆறாமல் இருக்கும் இந்த வகைப் புண்ணுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் விடாமல் அழுத்தக் கட்டு போட வேண்டும். நடுவில் விட்டால் பட்டதெல்லாம் வீண். பாதியில் நின்றுவிடும் பெரியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்கிறோம். அவர்களில் எத்தனை பேர் வலிக்குப் பயந்து நின்றார்களோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டருக்கும் நன்றி. கட்டு போடும் முன் டாப்ளர் என்ற ரத்த ஓட்டம் பார்க்கும் கருவியை வைத்து, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தமனியில் அடைப்பு உள்ள காலில் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து என்றார். ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளில், அது கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் பழுதாகி ரத்தம் கீழேயே தேங்குவதால்தான் புண் ஆறவில்லை, களிம்பை மாற்றிப் பயனில்லை என்று படம் வரைந்து விளக்கினார். வாராவாரம் புண்ணின் அளவைக் குறித்துக் காட்டியவர், கணுக்காலை ஆட்டும் பயிற்சி சொல்லித்தந்தவர், புரதம் குறையாமல் சாப்பிட வைத்தவர், சக்கர நாற்காலி தள்ளியவர்கள், காத்திருந்த நேரத்தில் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்த சக நோயாளிகள், ராத்திரி போன் செய்தாலும் எடுத்த உறவினர்கள், எல்லோருக்கும் நன்றி.

புண் மூடினாலும் வால்வுகள் பழையபடி ஆகாது. கவனிக்காவிட்டால் திரும்ப வரும் என்கிறார்கள். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் அம்மாவுக்கு அழுத்தக் காலுறை மாட்டிவிடுவது இனி என் வேலை. தோலில் சிறு கீறல் தெரிந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் நேரே கூட்டி வருவேன். காலைத் தொடும் முன் அவரைக் கேட்டுவிட்டே தொடுவேன்.

சிஸ்டர், அடுத்த பரிசோதனைக்கு நீங்கள் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் வர வேண்டுமாம். அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.