எடை நின்றுவிட்டதென்று இரவுச் சாப்பாட்டை விடப்போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

78 கிலோவில் தொடங்கி மூன்றே வாரத்தில் 74.5-க்கு வந்தீர்கள். அதற்குப் பிறகு நான்கு வாரமாக எண் நகரவில்லை, இனி இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். எடை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதே இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தட்டில் இருப்பதைக் குறைத்தால் பத்து நாள் பட்டினி, பதினோராம் நாள் இரட்டிப்புச் சாப்பாடு என்றுதான் முடியும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று வாரத்தில் இறங்கிய மூன்றரைக் கிலோவும் கொழுப்புதான் என்றால், தினமும் 1,280 கலோரி குறைந்திருக்க வேண்டும். 160 செ.மீ. உயரம், 42 வயது, பெரும்பாலும் உட்கார்ந்த வேலை என்று வைத்தால், உங்கள் உடலின் ஒரு நாள் செலவே 1,950 சொச்சம்தான். அப்படியானால் நீங்கள் தினம் 700 கலோரியில் ஓட்டியிருக்க வேண்டும். நிச்சயம் அப்படி இருந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் இறங்கியது எது? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும். மொத்தத்தில் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் அந்தக் கையிருப்பு இறங்க, தண்ணீரும் கூடவே போகிறது. ஒன்றரைக் கிலோ கண்ணெதிரே காணாமல் போகும். உப்பான பண்டங்கள் குறைந்தால் இன்னும் கொஞ்சம். நான்காம் வாரத்தில் இந்தச் சலுகை முடிந்துவிடும். அதன்பின் இறங்குவது பெரும்பாலும் கொழுப்புதான். தினம் 400 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 360 கிராம். ஆனால் உடலில் தண்ணீரின் ஏற்ற இறக்கமோ ஒரே நாளில் ஒரு கிலோ வரை போகும். அந்த இரைச்சலில் 360 கிராம் எப்படிக் காதில் விழும்?

இப்படிப் பாருங்கள். ஒரு வாரத்தின் ஏழு காலைகள்: 74.4, 74.9, 75.2, 74.6, 75.1, 75.3, 74.7. அடுத்த வாரம்: 74.6, 74.1, 75.0, 75.3, 74.4, 74.0, 74.3. திங்களுக்குத் திங்கள் பார்ப்பவருக்கு 200 கிராம் ஏறியிருக்கிறது. அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும். ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 74.89, இரண்டாம் வாரம் 74.53. இறங்கியிருப்பது சரியாக 360 கிராம். எடையில் கோளாறு ஒன்றுமில்லை, பார்த்த விதத்தில்தான் கோளாறு.

ஆகவே எழுந்து, கழிப்பறை போய்விட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி மெல்லிய உடையில் ஏறி நில்லுங்கள். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அரைக் கிலோ கூடத்தான் செய்யும். மெஷின் கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும். அதன் நான்கு கால்களிலும் எடையை உணரும் பாகங்கள் இருக்கின்றன. கால்மிதியின் மேல் வைத்தால் அவை சரியாக அழுந்தாமல் எண் தாறுமாறாக வரும். இடத்தையும் மாற்றாதீர்கள். கொழுப்பு இத்தனை சதவீதம் என்று அதே மெஷின் காட்டும் எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். பாதம் வழியாகச் சிறு மின்னோட்டம் அனுப்பி அது செய்யும் ஊகம் அது. உடலில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அதுவும் மாறும்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு நீர் கோத்துக்கொண்டு ஒன்றிரண்டு கிலோ ஏறும். அந்த வாரத்தை முந்தின வாரத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை; போன மாதம் இதே சுழற்சி நாளில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

கூடவே இடுப்புச் சுற்றளவு. தையல் டேப்பைத் தொப்புளில் வைத்து அளக்கிறவர்கள்தான் அதிகம். வயிறு தொங்கத் தொங்கத் தொப்புளும் இறங்கிவிடும் என்பதால் அது நம்பகமான இடமல்ல. விலாவின் பக்கவாட்டில் கடைசி எலும்பை விரலால் தேடுங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள், இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. டேப் அந்த மட்டத்தில் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் சுற்றி வரட்டும். இயல்பாக மூச்சு விட்ட கடைசியில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது நல்லது, உங்களுக்கு அது 80 செ.மீ. எடை அப்படியே இருக்க இடுப்பு 2 செ.மீ. குறைந்திருந்தால், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, நான்கு வாரச் சராசரியும் நகரவில்லை, இடுப்பும் நகரவில்லை என்றால்? உடனே எல்லோரும் சொல்வது 'மெட்டபாலிசம் படுத்துவிட்டது'. உங்கள் உடல் சும்மா இருக்கையில் செலவழிப்பதை மிஃப்லின் சூத்திரத்தால் (எடை, உயரம், வயதை வைத்துப் போடும் கணக்கு) கணக்கிட்டால் 78 கிலோவில் 1,409 கலோரி, 74 கிலோவில் 1,369. நாளின் நடமாட்டத்தையும் சேர்த்தால் மொத்த வித்தியாசம் 55, 60 கலோரி. உடல் சற்றுச் சிக்கனமாகிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அது மட்டுமே 400 கலோரிப் பற்றாக்குறையை விழுங்கிவிடாது. 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்றவர்களின் உடல் செலவை அளந்து பார்த்தார்கள். அது இயல்பாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டதாக அவர்கள் எழுதிய கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான், பத்துப் பேர். அவர்கள் பொய்யர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணளவு ஏமாற்றும், அவ்வளவே.

பெரும்பாலும் அந்தக் கண்ணளவு தவறுவது எண்ணெயில். டிஜிட்டல் தராசில் வாணலியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, தினமும் ஊற்றுகிற மாதிரியே பாட்டிலைச் சாய்த்து ஊற்றுங்கள். 'ஒரு ஸ்பூன்தான்' என்று நினைத்தது 25 கிராம் காட்டினால் வியப்படைய வேண்டாம். அது 220 கலோரி. 5 மில்லி அளவு ஸ்பூனில் ஊற்றியிருந்தால் 40. எந்த எண்ணெயானாலும் இதே கணக்குதான், 'நல்ல எண்ணெய்' என்பதற்குத் தனிச் சலுகை கிடையாது. அந்த அளவு ஸ்பூனை வாணலி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலைச் சாய்க்கும் கைக்கு வேறு வைத்தியம் இல்லை. குடிக்கிற கலோரி அடுத்தது: சர்க்கரை போட்ட பானம், பழச்சாறு. வயிற்றில் கணக்கு வைக்காமலே இறங்கிவிடும். பழத்தைக் கடித்துத் தின்றால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது ஓட்டை வார இறுதி. ஐந்து நாள் 400 வீதம் குறைத்தால் 2,000. சனி, ஞாயிறு இரண்டு நாளும் செலவைவிட 1,000 கூடுதலாகப் போனால் கணக்கு பூஜ்யம். ஐந்து நாள் பட்ட கஷ்டம் மட்டும் மனதில் நிற்கும். வாரநாட்களில் இறுக்கிப் பிடித்ததன் விளைவாகத்தான் அந்த 1,000 வருகிறது என்பதால், வாரநாள் பற்றாக்குறையை 300 ஆக்கி, வார இறுதியிலும் அதையே பிடித்திருப்பது நல்லது.

நடையின் மேல் நிறைய நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். 3 கிலோமீட்டர் நடந்தால் உங்கள் எடைக்குக் கூடுதலாகச் செலவாவது சுமார் 110 கலோரி, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்க்குக்கூடக் காணாது. கைக்கடிகாரம் அதிகமாகக் காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதையும் அது பல சமயம் சேர்த்துவிடுகிறது. அதை நம்பித் தட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனாலும் நடையை விடாதீர்கள்: இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது செய்வதை எடை மெஷின் காட்டாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். தினம் பத்தாயிரம் காலடி என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண். 7,000 வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நீங்கள் இதுவரை தொடாதது தசை. சாப்பாட்டைக் குறைக்கையில் தசையும் கரையும். அதைத் தடுக்கப் புரதமும் பளுவும் வேண்டும். நாளுக்கு 85, 90 கிராம் புரதம், வேளைக்கு 25 முதல் 30 கிராமாகப் பிரித்து. ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. இரவுச் சாப்பாட்டை விட்டால் இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்குங்கள்: பாதங்கள் தோள் அகலத்தில், கைகள் மார்பின் குறுக்கே, எழும்போது மூச்சை விடுங்கள், இறங்க மூன்று எண்ணுங்கள். கடைசி நாலு அங்குலத்தில் தொப்பென்று விழுந்தால் அந்த முறை செல்லாது. அந்த இறக்கத்திலும் பயன் இருக்கிறது. முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்தால் நாற்காலி தாழ்வு என்று அர்த்தம், உயரமானதை எடுங்கள். 8 முதல் 12 முறை, ஒன்றரை நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். 12 எளிதானதும் புத்தகம் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. முதல் வாரம் தொடை வலிக்கும், தசை வீங்கி நீர் பிடிக்கும், எடை அரைக் கிலோ ஏறும். இதைப் பார்த்துத்தான் 'பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை' என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல் எல்லாம் சேர்ந்து இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மாத்திரைகள் எடையைப் பிடித்து வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும்போது மருந்தளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். 1,200 கலோரிக்குக் கீழே மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் போகவே வேண்டாம். அதிவேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம்.

இன்று இரவு சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எண்ணெய் பாட்டிலில் இப்போதிருக்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 8,000 கலோரி. மூன்று பேர் வீட்டில் அது எட்டு நாளில் தீர்ந்தால் தலைக்குத் தினம் 330. ஏழாம் நாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், இரண்டையும் எழுதி அனுப்புங்கள். இரவுச் சாப்பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்.