வித்யாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள வித்யா,

மூன்று வாரமாக ஃபோனில் "நல்லா இருக்கேன்மா" என்ற ஒரே வரிதான். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதுகூட உன் தம்பி சொல்லித்தான் தெரியும். பெரு நாட்டில் இக்கிட்டோஸுக்கு நீ டிக்கெட் போட்டிருப்பதையும் அவன்தான் உளறினான். அவனைத் திட்டாதே.

அங்கே நீ குடிக்கப் போகிற அயவாஸ்கா என்ற காட்டுக் கஷாயத்தைப் பற்றிப் படித்தேன். அதில் போடும் சக்ருனா இலையில் டிஎம்டி என்ற, இல்லாததைக் கண்ணில் காட்டும் பொருள் இருக்கிறது. வெறும் இலையைக் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள எம்ஏஓ என்ற என்சைம் அதைச் சிதைத்துவிடும். கூடவே போடும் கொடியில் இருக்கிற ஹார்மின் அந்த என்சைமைக் கட்டிப்போடுகிறது. அப்புறம்தான் டிஎம்டி மூளைக்கு ஏறி, செரோடோனின் என்ற மூளை ரசாயனம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, நாலு மணி நேரம் படம் காட்டுகிறது. அத்தனை பெரிய காட்டில் இந்த இரண்டையும் ஜோடி சேர்த்தவர்களுக்கு முன்னால் என் டி.ஃபார்ம் எம்மாத்திரம்! 2008இல் பெரு அரசே அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. சரி, அதோடு எனக்குச் சண்டை இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் பெட்டியில் துணி அடுக்கினேன். அடியில் ஒரு அட்டை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் 50. நாலு மாத்திரை தீர்ந்திருந்தது. கேட்கவில்லை. அந்த மாத்திரை நரம்புகளுக்கு நடுவே செரோடோனினைத் தேக்கி வைக்கும். கொடியோ அதைக் கரைக்கும் வழியையும் அடைக்கும். இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. அதற்காக மாத்திரையை நீயாக நிறுத்திவிட்டுப் போகாதே. எழுதித் தந்த டாக்டரைக் கேள். நீயாக நிறுத்தாதே.

வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று அங்கே கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாய். குமார் மாமா காசிக்குப் போய்த் திரும்பவில்லை என்று சொல்லித்தானே வளர்த்தேன். காசியும் இல்லை, ஒன்றும் இல்லை. 22 வயதில் அவனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. என் கல்யாணம் நின்றுவிடும் என்று அந்தக் கதையைக் கட்டினோம். 11 வருடம் மனநல மருத்துவமனையில் இருந்தான். நான் போனது இரண்டே முறை. இரண்டாவது முறை, "முறுக்கு கொண்டு வந்தியாக்கா?" என்றான். கொண்டு போகவில்லை.

ரத்த உறவில் அப்படி ஒருவர் இருந்தால் அந்தக் கஷாயத்தைத் தொடவே கூடாது. குமாரை மறைத்த மாதிரியேதான் உன் அட்டையைப் பார்த்தபோதும் செய்தேன், துணிக்கு அடியில் திரும்ப மறைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவேன். எடு.

அம்மா